ரேடியல் சாலையோரம் ஒரு கணக்கு

ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்.
வேளச்சேரியில் ஏறிய வேனில் ஆறு பேர்,
முக்காலியோடு ஒரு தொலைநோக்கி,
நிலோபர் கொண்டுவந்த டப்பா நிறைய முட்டை சாண்ட்விச்.
என் பைனாகுலர் மச்சானிடம் இரவல்.
கிரிக்கெட் பார்க்க வாங்கினாராம்.
அதன் இடது கண்ணில் மட்டும்
எப்போதும் மார்கழி.

கிழக்கே கண்ணாடிக் கட்டடங்கள்
வடக்கே குப்பைமேடு
நடுவில், இன்னும் விடியாத பள்ளிக்கரணை.

பிரிட்டோ பங்கு பிரித்தான்.
வாத்துகள் அவனுக்கு.
நாமக்கோழிகள் நிலோபருக்கு,
ஆயிரத்தைத் தாண்டும், பொறுமை வேண்டும்.
எனக்கு நாரை, கொக்கு வகையறா.
"அசையாம நிக்கும். சுலபம்."

நிற்பதுதான் கஷ்டம்.
கோரைக்குள் செந்நாரை நின்றால் அதுவும் கோரை.
கழுத்தை நீட்டினால் கொஞ்சம் காய்ந்த கோரை.
சேற்றுக்குப் பக்கத்தில் மடையான் வெறும் சேறு.
பறக்கும்போதுதான்
அத்தனை வெள்ளையையும் எங்கே மடித்து வைத்திருந்தது என்று
முழிக்கிறோம்.
ஒன்று என்று எழுதிய இடத்திலிருந்து
ஐந்து எழுந்து போகின்றன.
அடித்து எழுதுகிறேன்.

காற்று திரும்பினால்
ரப்பரும் பழைய சோறும் சேர்ந்து கருகும் வாடை.
மூக்கைப் பொத்த முடியாது.
எண்ணுவதற்கு இரண்டு கையும் வேண்டும்.

சாம்பல் நாரை மட்டும் ஒளியவில்லை.
கழிவுநீர்க் குழாயின் சிமெண்டுத் திட்டில்
தோளைக் குறுக்கி
கழுத்தை உள்ளே வாங்கி
பத்து நிமிஷமாக ஒன்றுமே செய்யவில்லை.
நானும் பத்து நிமிஷமாக ஒன்றுமே செய்யவில்லை.
எங்களில் ஒருவருக்கு அது வேலை.

பின்னால் ஒரு குப்பை லாரி பஞ்சராகி நின்றது.
ஜாக்கி போட்டுவிட்டு ஸ்டெப்னிக்குக் காத்திருந்தவர்
கிட்டே வந்தார்.
துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.
"ஒரு தபா பாக்கலாமா?"
பேர் கன்னியப்பன்.
பதினோரு வருஷமாக இதே தடம்.

முக்காலியை அவர் உயரத்துக்கு இறக்கினோம்.
ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை,
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"அட. கண்ணு மஞ்சளா கீது."

கொஞ்சம் கழித்து,
"பின்னந்தலையில ரெண்டு கறுப்பு முடி தொங்குது."

அப்புறம் பேச்சில்லை.
லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
அவர் குனிந்தேயிருந்தார்.

"இத்த நாங்க சூப்பர்வைசர்னுவோம்," என்றார் நிமிராமலே.
"கைய பின்னால கட்டிக்கினு நிக்கும்.
லோடு கொட்றத பாக்கும்.
ஒரு வேல செய்யாது."

நிலோபர் சிரித்த சிரிப்பில்
அறுநூற்றுச் சொச்சம் நாமக்கோழி கைதவறிப் போயின.
மறுபடி ஒன்றிலிருந்து.

அந்த நேரம்தான் அது குத்தியிருக்கிறது.
நாங்கள் ஆறு பேரும் பார்க்கவில்லை.
அவர் பார்த்தார்.
"எலி," என்றார்.
"இல்ல, மீனு."
"இல்ல…"
உள்ளே போன முடிச்சு இறங்கிய வழியைத்
தன் கழுத்திலேயே விரலால் காட்டினார்,
தொண்டைக்குழி தாண்டி
சட்டையின் முதல் பொத்தான் வரை,
வலிக்குமோ என்பதுபோல் மெதுவாக.

ஸ்டெப்னி வந்தது.
போகும்போது மரியாதைக்கு ஒரு ஹாரன் அடித்தார்.
நாற்பது நெட்டைக்காலி உள்ளான்கள் ஒன்றாக எழுந்து
சிவப்புக் கால்கள் பின்னே இழுபட
குப்பைமேட்டுப் பக்கம் சாய்ந்தன.
சாம்பல் நாரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படிவத்தில் மூன்றே கட்டம்.
இனம்: சாம்பல் நாரை.
எண்ணிக்கை: பதினேழு.
குறிப்பு:
ஒன்று எதையோ விழுங்கியது.
பார்த்தவர் கன்னியப்பன்.
"இப்படியெல்லாம் எழுதக் கூடாது," என்றான் பிரிட்டோ.
அவன் பேனாவைக் கேட்டபோது
மை தீர்ந்துவிட்டது என்றேன்.

திங்கட்கிழமை, ஏழாவது மாடி.
கண்ணாடிக்கு அப்பால், தூரத்தில்
பாதி புகை, பாதி தண்ணீர்.
திரையில் ஒரு பட்டியலைத் திறந்து
மூடி
மறுபடி திறந்தேன்.
என் நாற்காலிக்குப் பின்னால்
கையைப் பின்னால் கட்டியபடி யாரோ
வெகுநேரமாக நிற்பது தெரிந்தது.

மேலே பார்க்கவில்லை.
தண்ணீருக்கடியில்
செதில்கூட அசையாமல் இருந்தேன்.